கைவைத்தால் சுடாத ஆம்ப்ளிஃபயர்

ராப்சானி, ஜூலை 3

வாயோஸ்,

மலையூருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அக்கா ஃபோதினி என்னையும் பெட்டியையும் வாசலில் பார்த்ததும் காரணம் எதுவும் கேட்கவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள். "அவன் அந்த அடுப்பை மாத்துற வரைக்கும்" என்றேன். "அப்ப கம்பளிச் சட்டையும் எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்றாள். உன்னைப் பற்றி அவளுக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான்.

போன் பண்ணாதே. போனில் நான் ஒன்று சொன்னால் நீ வேறொன்றுக்குப் பதில் சொல்கிறாய். போன வாரம் நீ காரில் இருந்தபோது கூப்பிட்டு, "ஹால்ல ஒரு வாடை வருது" என்றேன். "வரட்டும், ஜன்னலைத் திறந்து வை" என்றாய். நான் சொன்னது கருகல் வாடை. நீ நினைத்தது காற்று. இனிமேல் எழுத்தில்தான் பேச்சு. எழுத்தில் இருப்பதை நழுவவிட முடியாது.

நடந்ததை நீ ஒரு சின்ன விஷயம் என்கிறாய். என் பெயருக்குரிய புனிதரின் திருநாள் விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், கீழ்வீட்டு பாலிக்செனி கல்யாணத்தில் நாம் தலையில் வைத்த கிரீடங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் கையில் எடுத்து, "இது என்ன, சீஸா?" என்று கேட்டாள். என் ஞானத்தாய் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இதழாகச் செய்த மெழுகுப் பூக்கள் அவை. உள்ளே இரண்டு கம்பி வளையமும் ஒரு வெள்ளைக் கட்டியும்தான் மிச்சம். அடியில் உன் ஆம்ப்ளிஃபயர் தகதகவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நீ அப்போதும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. படத்தில் கப்பல் மூழ்கும் காட்சியாம்.

ஆகவே கேள். சூடாகாத, மின்சாரத்தை வீணாக்காத ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பார்த்து வாங்கு. ஒரு முழுப் படம் ஓடி முடிந்த பிறகு நான் அதன் தலைமேல் கைவைப்பேன். சுடக் கூடாது. சுட்டால் அடுத்த பஸ்ஸிலேயே மலையேறிவிடுவேன்.

அசிமீனா


லாரிசா, ஜூலை 6

அன்புள்ள அசிமீனா,

உன் கடிதத்தை பஸ் டிரைவர் ஒரு பை பீச் பழத்தோடு கொடுத்தார். பழம் யாருக்கு என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

கடிதம் என்று நீ சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். போனை விட எவ்வளவோ மேல்.

ஆனால் சூடு விஷயத்தில் நீ நியாயமாகப் பேசவில்லை. நல்ல ஆம்ப்ளிஃபயர் சுடத்தான் செய்யும். பாரம் ஏற்றிய லாரி மலையேறினால் எஞ்சின் சுடாதா? ஐந்து ஸ்பீக்கரைத் தாங்குகிற மிருகம் அது. சத்தம் இல்லாத நேரத்தில்கூட எந்த நொடியும் பாயத் தயாராக நிற்கிறது, அந்தத் தயார்நிலைதான் சூடு. தவிரவும் இது லாரிசா. ஜூலையில் இங்கே தபால் பெட்டிகூடச் சுடும். அதையும் மாற்றச் சொல்வாயா?

இருந்தாலும் உனக்காக இறங்கி வந்திருக்கிறேன். அலமாரிக் கதவுகளைக் கழற்றிவிட்டேன். பின்னால் இரண்டு ஃபேன் பொருத்தியிருக்கிறேன். சத்தமே இல்லாத ஃபேன்கள். கீழ்வீட்டு லெஃப்தெரிஸ் மட்டும் மேலே ஏறி வந்து, "மாடியில ஹெலிகாப்டர் எதுவும் இறங்குதாப்பா?" என்று கேட்டார். ரயில்வேயில் இருந்த மனிதர், எதையும் பெரிதாக்கிச் சொல்வது அவர் பழக்கம்.

கிரீடங்கள் உருகியதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியை அங்கே வைத்தது நீ.

வெண்டைக்காய் சமைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

உன் வாயோஸ்


ராப்சானி, ஜூலை 9

வாயோஸ்,

பீச் பழம் லெஃப்தெரிஸ் வீட்டுக்கு அனுப்பியது. பையிலேயே பெயர் எழுதியிருந்தது.

அடுப்பை மாற்றச் சொன்னால் அடுப்புக்கு விசிறி வீசுகிறாய். ஆம்ப்ளிஃபயர் ஹாலைச் சுட வைக்கிறது, அதைத் தணிக்க ஃபேன், ஃபேன் தள்ளும் அனலைத் தணிக்க ஏசி. கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துவிட்டு எண்ணெய் தேடுகிற கதை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த காலமெல்லாம் நோயாளிகளுக்கு எவ்வளவு சாப்பாடு போக வேண்டும் என்று பார்த்தவள். ஒரு மனிதன் ஐந்து பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒருவர் வேலையைச் செய்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் வேர்த்துத் தீர்த்தால் அவனைப் பலசாலி என்று சொல்லமாட்டோம். படுக்கையில் படுக்கவைத்துப் பார்ப்போம். உன் மிருகம் அந்த ஜாதி.

சும்மா இருக்க முடியாமல் இங்கே உட்கார்ந்து படித்தேன். உன் பழையது தண்ணீர்க் குழாயைப் பாதி திறந்தே வைத்திருக்கும் வீடு மாதிரியாம். யாரும் குளிக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது வருகிற ஒரு வகை, குழாயை முழுக்கத் திறந்து முழுக்க மூடி, கண்மூடித் திறப்பதற்குள் லட்சம் தடவை அப்படியே செய்து, தேவையான அளவு மட்டும் விடுகிறதாம். பாதித் திறப்பு என்பதே கிடையாது. அதனால் வீணும் இல்லை, சூடும் இல்லை. சத்தம் நின்றால் தானே தூங்கிவிடும். ஃபேன் வேண்டாம்.

இதையும் யோசி. நம் ஹாலில் சோபாவை விரித்தால் கதவு திறக்காது. அந்த அளவு ஹாலுக்குப் பந்து மைதானத்துச் சத்தம் எதற்கு? ஸ்பீக்கர் என்ன கேட்கிறதோ அதற்குத் தகுந்ததைப் பார். பெரியதைப் பார்க்காதே.

ஆமாம், பெட்டியை அங்கே வைத்தது நான்தான்.

அசிமீனா


லாரிசா, ஜூலை 14

அன்புள்ள அசிமீனா,

நீ சொன்ன வகையைப் பார்க்க பந்தெலிஸின் ஆடியோ கடைக்குப் போனேன். நான் போனது வாங்க அல்ல, உன் கருத்து தவறு என்று நிரூபிக்க. அதை முன்கூட்டியே அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தட்டையான பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். பலகாரக் கடையில் அரைக் கிலோ அல்வா வாங்கினால் இருக்கும் கனம். பழையதைத் தூக்க நானும் லெஃப்தெரிஸும் வேண்டும். "உள்ளே ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுங்க" என்றார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றின் மேல் என் கையை எடுத்து வைத்தார். சுடவில்லை. அது எனக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது. வேலை செய்கிறவன் வேர்க்காமல் இருப்பானா?

ஞாயிறன்று நேர்மையான பரீட்சை வைத்தேன். இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் மேஜை விரிப்பால் மூடினேன். லெஃப்தெரிஸ் வயரை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும், நான் கண்ணை மூடிக் கேட்டு எது எது என்று சொல்ல வேண்டும். பாலிக்செனி சாட்சி. முடிவு அவ்வளவு தெளிவாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி தொடர்கிறது.

டிரைவிங் ஸ்கூலில் கூட்டம். இந்தக் கோடையில் எல்லோரும் என்னிடமே கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். பின்னால் எவன் ஹார்ன் அடித்தாலும் நான் பதறுவதே இல்லையாம். லாரிசாவிலேயே அமைதியான வாத்தியார் நான்தான் என்று பேச்சு. வீட்டில்தான் மதிப்பு இல்லை.

உன் வாயோஸ்


ராப்சானி, ஜூலை 17

வாயோஸ்,

உன் பரீட்சையின் முடிவு எனக்குத் தெளிவாகவே வந்து சேர்ந்தது. பாலிக்செனி போன் பண்ணினாள். அவளோடு எனக்குச் சண்டை இல்லை.

முதல் தடவை நீ கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான் என் பழைய ஆளு. எலும்பு போட்டுக் கொதிச்ச சூப்பு" என்றாயாம். இரண்டாம் தடவை, "இது அந்தப் புதுசு. பாத்திரம் கழுவுன தண்ணி" என்றாயாம். லெஃப்தெரிஸுக்கு முதுகுவலி. குனிந்து வயரை மாற்றச் சோம்பல்பட்டு, இரண்டு தடவையும் பழையதையே போட்டாராம். சூப்பும் அதுதான், கழுவின தண்ணியும் அதுதான். ஃபோதினி சிரித்துச் சிரித்து நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள்.

நானும் சிரித்தேன். பாலிக்செனி அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சத்தம் தாங்காமல் அவள் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டாளாம். படம் முடிந்து எல்லாவற்றையும் அணைத்த பிறகு, காப்பிக் கோப்பையோடு உன் முதுகுக்குப் பின்னால் நின்று உன்னைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாளாம். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாயாம்.

இரவெல்லாம் யோசித்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியை நான் அங்கே வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதே அலமாரி, அதே ஆம்ப்ளிஃபயர், அதே லாரிசா வெயில். எட்டுக் கோடையில் உருகாத மெழுகு இந்தக் கோடையில் ஏன் உருகியது? அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறவனுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லமாட்டோம். நீ சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாய். கூட்டக் கூட்ட அது கொதித்திருக்கிறது.

சத்தமில்லாத ஃபேன். பதறாத வாத்தியார். வாடை, காற்று. நீ எழுதியதையெல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன்.

நேராகவே கேட்கிறேன். உனக்குக் காது எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை? டாக்டரைப் பார்க்கும் வரை அந்தக் காரில் உட்காராதே.

அசிமீனா


லாரிசா, ஜூலை 19

அசிமீனா,

என் காதுக்கு ஒன்றும் இல்லை. பேச்சு ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது. அதில் தோற்றுப்போகிறோம் என்று தெரிந்ததும் என் உடம்பில் குறை தேடுகிறாய். பாலிக்செனி மெதுவாகப் பேசுகிற பெண். அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்டிருக்காது.

புதியதைப் பந்தெலிஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொண்டால் நீ அங்கேயே இரு.

வாயோஸ்


லாரிசா, ஜூலை 29

அன்புள்ள அசிமீனா,

நீ பதில் போடவில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் போய் நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார்.

ஒரு விஷயம் நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லியோபி என்று ஒரு அம்மாள் என்னிடம் கற்றுக்கொள்கிறார். ரொட்டிக்கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், ஸ்டீயரிங்கை மாவு பிசைவது போலப் பிசைவார். செவ்வாய்க்கிழமை பெரிய சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு நிறுத்தச் சொன்னது? பெரிய ரோட்டுல இப்படியா நிறுத்துவீங்க?" என்று கத்தினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "ஆம்புலன்ஸ், வாயோஸ் சார்" என்றார். "ரொம்ப நேரமா பின்னாடியே கத்திக்கிட்டு வருது. நீங்க வழி விடச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அது எங்களைத் தாண்டிப் போகும்போதுதான் நான் பார்த்தேன். உள்ளே யார் இருந்தார்களோ. அந்த அம்மாளுக்கு வழிவிடத் தோன்றியிருக்காவிட்டால் நான் அவரை அப்படியே ஓட்டச் சொல்லியிருப்பேன்.

அதோடு பாடம் முடிந்தது. கல்லியோபிதான் வண்டியை மெதுவாக ஸ்கூலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். மிக நன்றாகவே ஓட்டினார். சாவியை ஸ்கூல் கூட்டாளியிடம் கொடுத்து, காதுப் பரிசோதனை முடியும் வரை நான் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்தே காது டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். எனக்கு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து வெளியே பார்த்தேன். அவர் ஆரம்பித்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

இரண்டு காதிலும் மெல்லிய உயர்ந்த சத்தங்கள் போய்விட்டனவாம். குருவி, ஹார்ன், பெண்களின் குரல். இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும், அசிமீனா. வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போகும், ஸ்கூல் போகும், வீட்டில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்க வேண்டியதுதான் என்று பயம். படத்தில் சத்தத்தைக் கூட்டினால் பேசுவது கேட்கும். அதனால்தான் அந்தப் பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அது எவ்வளவு கேட்டாலும் கொடுத்தது.

முதலில் போனது உன் குரல்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாயோஸ்


ராப்சானி, ஆகஸ்ட் 2

வாயோஸ்,

உன் கடிதத்தைக் கிணற்றடியில் நின்றுகொண்டே படித்தேன். ஃபோதினி வந்து என்ன ஆச்சு என்றாள். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை.

நான் பதில் போடாததற்குக் காரணம், "அங்கேயே இரு" என்று நீ எழுதியதை ஃபோதினி சத்தமாகப் படித்துவிட்டதுதான். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் மன்னித்திருப்பேன். அக்கா முன்னால் மன்னிக்கச் சட்டென்று முடியாது.

லைசென்ஸ் போகுமா என்று டாக்டரிடமே கேட்டாயா, நீயே முடிவு பண்ணிக்கொண்டாயா? ஆஸ்பத்திரியில் எங்கள் சர்ஜன் ஒருவர் இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டுதான் கார் ஓட்டி வருவார். போய்க் கேள். கருவி பொருத்திக்கொள். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். கிழவன் மாதிரி இருக்கும் என்பாய். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் நிற்கிறவன்தான் கிழவன்.

இன்னொன்று. நான் உன்னிடம் கேட்டது என்ன? மின்சாரத்தை வீணாக்காத, சூடாகாத ஆம்ப்ளிஃபயர். டாக்டர் கொடுக்கப் போவதும் அதுதான். பாதாம் பருப்பை விடக் கனம் குறைவு. பொத்தான் அளவு பேட்டரியில் நாள்கணக்கில் ஓடும். காதிலேயே வைத்துக்கொள்வாய், சுடாது. உள்ளே வேலை செய்கிற விதம்கூட நான் சொன்ன அந்தக் குழாய்க் கதைதானாம், படித்துப் பார்த்துவிட்டேன். கழுவின தண்ணி என்று அதையும் திட்டாதே.

அசிமீனா


லாரிசா, ஆகஸ்ட் 11

அன்புள்ள அசிமீனா,

கருவியை மாட்டிக்கொண்டேன். லைசென்ஸ் போகாது. கருவியோடு ஓட்டலாம், காகிதத்தில் குறித்துக்கொள்வார்களாம். செப்டம்பரில் மறுபடி காரில் ஏறுகிறேன். இரண்டு வருஷப் பயத்துக்கு டாக்டரின் பதில் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் பயந்துவிட்டேன். ஹாலுக்குள் ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்தேன். என் ஃபேன்கள். ஹெலிகாப்டர்தான், சந்தேகமே இல்லை. அணைத்துவிட்டு, கீழே போய் லெஃப்தெரிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் நிறுத்தி, "மிச்சத்தை ஒரு கிளாஸ் சிப்புரோ சாராயம் ஊத்திட்டுச் சொல்லு, பட்டியல் நீளமா இருக்கு" என்றார்.

நம் ஃபிரிஜ் பேசுகிறது, உனக்குத் தெரியுமா? என் செருப்பு கீச்சிடுகிறது. நான் சூப் குடிக்கும் சத்தத்தை நீ எப்படி இத்தனை நாள் பொறுத்தாய்?

மாலையில் கப்பல் படத்தைப் போட்டேன். வழக்கமான சத்தத்தில் வைத்ததும் துள்ளி எழுந்தேன். குறைத்தேன், இன்னும் குறைத்தேன், பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எல்லாமே கேட்டது. கப்பல் மூழ்கும்போது கேப்டன் சமையல்காரனிடம் ஏதோ முணுமுணுக்கிறான் என்று தெரியும், அது என்ன என்று இத்தனை தடவையில் தெரியாது. "ரொட்டி கருகிடுச்சு" என்கிறான். நான் அதை ஏதோ வேதாந்தம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பந்தெலிஸிடம் போனேன். அவர் அந்தத் தட்டைப் பெட்டியைத் திருப்பி வைக்கவே இல்லையாம், மேஜைக்கு அடியில் என் பேர் எழுதி வைத்திருந்தார். முழுப் படம் ஓடியபின் கைவைத்துப் பார்த்தேன். அலமாரியிலிருந்து எடுத்த தட்டு மாதிரி இருந்தது. ஏசி இப்போது நிம்மதியாக மூச்சுவிடுகிறது. பழையதை லெஃப்தெரிஸ் கேட்டார். பாட்டுக் கேட்க அல்ல, குளிர்காலத்தில் கால் வைத்துக்கொள்ள.

கிரீடங்களின் வளையங்களை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். மெழுகில் பூக்கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன்.

வாயோஸ்


ராப்சானி, ஆகஸ்ட் 17

வாயோஸ்,

மாதா திருவிழாவுக்கு நீ பஸ்ஸை விட்டு இறங்கியதை ஃபோதினிதான் முதலில் பார்த்தாள். "உன் வீட்டுக்காரன் காதுல ஏதோ ஒட்டியிருக்கு" என்றாள். நீ உடனே அந்தத் தூரத்திலிருந்தே, "ஆம்ப்ளிஃபயர், அண்ணி" என்றாய். அவள் இன்னும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. இனி உனக்குக் கேட்காது என்று நினைத்து எதையும் சொல்ல முடியாது என்று வருத்தப்படுகிறாள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு.

நீ ஆடியதைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். கிளாரினெட்காரர் பக்கத்தில் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாய், அதையும் ஊர் பார்த்தது. ஆனால் நீ வந்தாய். கூப்பிடாமல் வந்தாய். வீட்டுக்குத் திரும்பி வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபோதினியின் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாய்.

சனிக்கிழமை வருகிறேன். பூக்கட்டுகிறவர்களை நானே பார்க்கிறேன், நீ தொடாதே.

ஒன்றே ஒன்று. பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று நான் இரண்டு வார்த்தை சொன்னேன். எஞ்சின் சத்தம், கூட்டம் வேறு. நீ நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்குக் கேட்டதா?

அசிமீனா


லாரிசா, ஆகஸ்ட் 19

அன்புள்ள அசிமீனா,

இரண்டும் கேட்டது.

"கழுதை" என்றது டிரைவருக்கும் கேட்டது. லாரிசா வரும் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார், வளைவுகளில் கொஞ்சம் கவலையாக இருந்தது. இரண்டாவது வார்த்தை எனக்கு மட்டும் கேட்டது. அதனால்தான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பியிருந்தால் பஸ்ஸில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

அதற்கு நான் பதில் சொன்னேன். அதற்குள் கண்ணாடியை மூடிவிட்டார்கள், உனக்குக் கேட்டிருக்காது.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.

வாயோஸ்